நூறு புத்தகமும் நாலு நம்பரும்

என் மருமகள் இந்த வருஷம் அறுபது புத்தகம் படிக்கப் போகிறாளாம். அவள் கைப்பேசியில் அதற்கென்றே ஓர் இடம் இருக்கிறது. ஒரு புத்தகம் முடிந்ததும் விரலால் ஒரு தட்டுத் தட்டினால் ஒரு சின்னப் பச்சைக் கோடு நகர்கிறது. ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் எங்கள் வீட்டில் அவள் சோபாவில் காலை மடித்து உட்கார்ந்து பக்கம் புரட்டும்போது, நான் காய் நறுக்குகிற சாக்கில் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பேன். உண்மையாகவே படிக்கிறாளா, அந்தப் பச்சைக் கோட்டுக்காகப் புரட்டுகிறாளா? கேட்க மாட்டேன். வாய்விட்டுக் கேட்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயதிலிருந்தே கிடையாது. சந்தேகப்படுகிற பழக்கம் மட்டும் உண்டு. அதற்கு ஆறாம் வகுப்புப் படிப்பே போதுமாக இருந்தது.

எனக்குப் பத்து வயது நடந்தபோது எங்கள் வீட்டில் இன்னொருத்தி இப்படி ஒரு கணக்கு வைத்தாள். அவள் என் அண்ணி.

அப்போது நாங்கள் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவுக்குத் தண்டவாளம் மாற்றிவிடுகிற வேலை. அண்ணனுக்கு ஒர்க்‌ஷாப்பில் வேலை. மூன்று வீடு தள்ளி அத்தை இருந்தாள், அப்பாவின் அக்கா. அவள் வாசலில் செருப்பை விடுகிற சத்தம் கேட்டாலே அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு நேராக உட்காருவார். எங்கள் வீட்டில் எந்தக் காரியமும் அத்தை ஒரு தடவை முகத்தைச் சுளித்துப் பார்த்த பிறகுதான் நடக்கும்.

அண்ணி கிள்ளான் பக்கத்துப் பண்டமாரான் ஊர்ப் பெண். அவள் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். தமிழ்ப்பள்ளியில் ஆறு வரை படித்துவிட்டு, தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றவள். எங்கள் வீட்டுக்கு வந்து ஐந்து மாதத்தில் அவள் பேசியதை எல்லாம் சேர்த்தால் அத்தை ஒரு மாலையில் பேசுவதற்கு ஈடாகாது. அதனால்தான் தைப்பூசத்தன்று அவள் வாயைத் திறந்தபோது எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

பத்துமலையில் படியேறி இறங்கி, தண்ணீர்ப் பந்தலில் மோர் வாங்கிக்கொண்டு மர நிழலில் உட்கார்ந்திருந்தோம். அத்தைக்கு முட்டி வலி. அதைவிட, அண்ணிக்குக் கல்யாணமாகி ஐந்து மாதமாகியும் ஒரு விசேஷமும் இல்லையே என்கிற வலி.

“என்னம்மா வேண்டிக்கிட்ட?” என்று கேட்டாள். பதிலைத் தானே மனதில் வைத்துக்கொண்டு கேட்ட கேள்வி அது.

அண்ணி மோர்க் குவளையைக் கீழே வைத்தாள். “அடுத்த தைப்பூசத்துக்குள்ள நூறு புத்தகம் படிச்சு முடிச்சிரணும்னு வேண்டிக்கிட்டேங்க.”

அத்தை மறுபடியும் சொல்லச் சொன்னாள். மறுபடியும் நூறு புத்தகம்தான்.

“யாருகிட்ட கேட்ட? முருகன்கிட்டயா?”

“ஆமாங்க.”

“அவரு என்ன, புத்தகக் கடையா வச்சிருக்காரு? புள்ள வேணும்னு கேக்குற எடத்துல போயி புத்தகம் கேட்டிருக்கா பாரு!”

அண்ணன் சிரித்தான். அப்பா மலையைப் பார்த்தார். அம்மா குவளைகளைச் சேர்த்து எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். அம்மா அப்படித்தான். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடிகாரத்தையும் காலண்டரையும் நம்பரையும் மட்டும் படிப்பாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அத்தை என்னைத் தன் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டாள். “ஏ குட்டி, புள்ளைக்கு வேண்டிக்கிறவ வீட்டுல இருப்பா. வருஷக் கெடு வச்சவ எங்கயோ கெளம்பப் போறா. கண்ண நல்லாத் தொறந்து வச்சுக்க” என்றாள். அதற்குக் கூலியாக சிரப் ஊற்றின ஐஸ் உருண்டை வாங்கித் தருவதாகவும் சொன்னாள். ஐஸ் உருண்டை இல்லாவிட்டாலும் நான் செய்திருப்பேன். ஒரு ஆளைக் கவனிக்கச் சொல்லி எனக்கு யாரும் அதுவரை வேலை கொடுத்ததில்லை.

குவார்ட்டர்ஸ் முனையில் ஒரு படிப்பகம் இருந்தது. ஆண்கள் அங்கே பேப்பர் படிப்பார்கள், கேரம் ஆடுவார்கள், அரசியல் பேசிக் கத்துவார்கள். கல்யாணமான பெண்கள் அந்த வாசலைத் தாண்டிப் போவார்களே தவிர, உள்ளே போக மாட்டார்கள். போகக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. போனதில்லை, அவ்வளவுதான். அதனால் அண்ணிக்குப் புத்தகம் வாங்கி வருகிற வேலை எனக்கு வந்தது. கவனிக்க வேண்டிய ஆளே என் கையில் வந்து விழுந்த மாதிரி இருந்தது.

படிப்பகத்தைப் பார்த்துக்கொண்ட மாமா ரயில்வே ஸ்டோரில் கணக்கு எழுதுகிற கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெறும்போது அவர் அங்கிருந்து கொண்டுவந்த சொத்து ஒரே ஒரு எண் முத்திரை. அதில் நாலு சின்னச் சக்கரங்கள் இருக்கும். அதனால் அது எதைக் குத்தினாலும் நாலு எண்ணாகத்தான் குத்தும். ஏழாவது புத்தகத்துக்கு 0007. முந்நூற்றுப் பதினேழாவது புத்தகத்துக்கு 0317. அலமாரியிலும் அந்த வரிசையில்தான் அடுக்கியிருப்பார். புத்தகத்தின் பெயரைச் சொன்னால் அவருக்குக் கோபம் வரும். “நம்பரச் சொல்லு பாப்பா, நம்பரு” என்பார்.

புத்தகப் பட்டியல் எழுதின நீள நோட்டை அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் கொடுத்தார். அண்ணி அன்று முழுக்க அதைப் பார்த்து, நூறு புத்தகம் பொறுக்கி, பெயரையும் எண்ணையும் என்னுடைய பழைய பயிற்சிப் புத்தகத்தின் பின்பக்கங்களில் எழுதிக்கொண்டாள். வாரத்துக்கு இரண்டு புத்தகம்தான் இரவல். அப்படியென்றால் நூறு முடிக்க ஐம்பது வாரம் வேண்டும். வருஷத்தில் மீதி இருப்பது இரண்டே வாரம். காய்ச்சலுக்கும் தீபாவளிக்கும் விருந்தாளிக்கும் அந்த இரண்டு வாரத்துக்குள்தான் இடம். அண்ணி இதை என்னிடம் விரல் விட்டுக் காட்டினாள். அவள் அவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு உடனே சந்தேகம் வந்தது.

திங்கட்கிழமைதோறும் அவள் ஒரு துண்டுச் சீட்டு கொடுப்பாள். அதில் இரண்டு எண்கள் மட்டும் இருக்கும். நான் கொண்டுபோய் நீட்டுவேன். மாமா புத்தகத்தை எடுத்துத் தருவார்.

அவள் உண்மையாகவே படிக்கிறாளா என்று கண்டுபிடிக்க நான் ஒரு வழி செய்தேன். துடைப்பத்திலிருந்து ஒரு துண்டு ஈர்க்கைக் கிள்ளி, புத்தகத்தின் நடுவில் இரண்டு பக்கங்களுக்கு இடையே செருகி வைத்தேன். படித்தால் ஈர்க்கு விழுந்துவிடும். நாலு நாள் கழித்துப் பார்த்தேன். அதே பக்கம், அதே இடம், அதே கோணத்தில் ஈர்க்கு இருந்தது. அடுத்த வாரமும் செருகினேன். அப்போதும் அசையவில்லை. மூன்றாவது வாரம் இரண்டு ஈர்க்கு வைத்தேன். இரண்டும் அப்படியே இருந்தன.

வீட்டு வேலையெல்லாம் முடித்து, மத்தியானம் கதவோரத்தில் உட்கார்ந்து அவள் புத்தகத்தை விரித்து வைத்திருப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனால் ஈர்க்கு விழவில்லையே. கண்ணை நம்புவதா, ஈர்க்கை நம்புவதா? நான் ஈர்க்கை நம்பினேன். அந்த வாரத்துச் சீட்டை மாமாவிடம் கொடுப்பதற்கு முன் அத்தையிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.

அத்தைக்கும் எழுத்து தெரியாது, நம்பர் தெரியும். எங்கள் குவார்ட்டர்ஸில் நம்பர் தெரியாதவர்கள் யாருமில்லை. சனி, ஞாயிறு வந்தால் அப்பா உட்பட எல்லோரும் நாலு எண்ணின் மேல் பணம் கட்டுகிற நம்பர் கடைக்குப் போவார்கள். கனவில் பாம்பு வந்தால் ஒரு நம்பர், பிணம் வந்தால் ஒரு நம்பர், விபத்தான லோரியின் பின்னால் எழுதியிருப்பது ஒரு நம்பர். நாலு எண் எங்கே ஒன்றாக நின்றாலும் அது அவர்களுக்கு வேறு எதுவாகவும் தெரியாது.

அத்தை சீட்டைக் கண்ணுக்குக் கிட்ட வைத்துப் பார்த்தாள், தூர வைத்துப் பார்த்தாள்.

“இது நம்பருல்ல! அடிப்பாவி. உன் கையில குடுத்தனுப்பி நம்பர் எழுதுறாளா? அந்த மாமன் இதுக்கு ஏஜெண்டா?”

“புத்தகமும் குடுக்குறாரு அத்தை.”

“புத்தகம் மூடி. உள்ள இருக்குறது வேற.”

ஈர்க்கு விவரத்தையும் சொன்னேன். அத்தை என் தலையைத் தடவிக்கொடுத்தாள். அன்று ஐஸ் உருண்டையில் இரண்டு சிரப், சிவப்பும் பச்சையும். நான் புத்தகம் வாங்கி வந்ததும் சீட்டை அத்தையே கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா வேலை முடிந்து கோப்பி குடித்துக்கொண்டிருந்தபோது அத்தை வந்தாள். சீட்டை அப்பாவின் முன்னால் மேசையில் வைத்தாள். அண்ணன் அப்போதுதான் குளித்துவிட்டுத் துண்டோடு வந்து நின்றான். அண்ணியைக் கூப்பிட்டார்கள்.

“இது என்ன?” என்றார் அப்பா.

“புத்தகத்தோட நம்பருங்க மாமா. அந்த எண்ணுலதான் அலமாரில இருக்கும்.”

“எதுக்கு இத்தன புத்தகம்?”

“நூறு படிக்கணும்னு…”

“நூறு படிச்சு?” என்று அத்தை குறுக்கே வந்தாள். “ஸ்டேஷன் மாஸ்டராப் போகப் போறியா? நூறு ஏன்? ஒரு வருஷத்துக்குள்ள ஏன்? அதுக்கப்புறம் என்ன செய்யப் போற? சொல்லு, கேப்போம்.”

அண்ணி என்ன சொல்வாள் என்று நானும் ஆவலாகத்தான் காத்திருந்தேன். அவள், “ஒண்ணும் செய்யப் போறதில்லைங்க. சும்மா படிக்கணும்” என்றாள்.

இதைவிட மோசமான பதிலை அவள் சொல்லியிருக்க முடியாது. சும்மா ஒருத்தி நூறு புத்தகம் படிப்பாளா? நான்கூட நம்பவில்லை. “சும்மாவாம்!” என்று அத்தை அப்பாவைப் பார்த்தாள். அண்ணன் துண்டைப் பிழிந்துகொண்டே நின்றான், அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாவிட்டாலும். அப்பா தொண்டையைச் செருமினார். நாளையிலிருந்து படிப்பகமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அண்ணியின் முகம் அப்போது எப்படி இருந்தது என்று இப்போது நினைத்தாலும் தெரிகிறது. கிணற்றில் வாளி அறுந்து விழுந்தால் எட்டிப் பார்க்கிறவர்கள் முகம் அப்படித்தான் இருக்கும்.

குசினியிலிருந்து அம்மா வந்தாள். கையில் இருந்த கரண்டியைக்கூட வைக்கவில்லை.

“அக்கா கண்டுபிடிச்சிட்டாங்களா? நாந்தான் எடுத்தாரச் சொன்னேன்” என்றாள்.

“என்னத்த?”

“நம்பரத்தான். அந்தப் புத்தகத்துல குத்தியிருக்குற நம்பருக்கு ராசி இருக்குன்னு சொல்றாங்க. நமக்கு எழுத்து தெரியாது. இது படிச்ச புள்ள. அதான் பாத்துச் சொல்லச் சொன்னேன். வெளிய சொன்னா ராசி போயிரும்னு வாயத் தொறக்காத புள்ளைய நிக்க வச்சுக் கேக்குறீங்களே லா.”

அப்பாவின் முகத்தில் இருந்த இறுக்கம் அப்படியே கழன்று விழுந்தது. எங்கள் வீட்டில் நம்பர் பார்ப்பது குற்றமில்லை, புத்தகம் படிப்பதுதான் விசாரணைக்கு உரியது. “அத மொதல்லயே சொன்னா என்ன?” என்று சொல்லிவிட்டு ஆறிப்போன கோப்பியைக் குடித்தார். அத்தை மட்டும் சீட்டை மறக்காமல் எடுத்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு போனாள்.

எனக்கு அன்று எல்லாம் தெளிவாகிவிட்டது. ஈர்க்கு ஏன் விழவில்லை என்பதற்குக் காரணம் கிடைத்துவிட்டது. அண்ணி படிக்கவில்லை, அம்மாவுக்கு நம்பர் எடுத்துக் கொடுக்கிறாள். அம்மா எங்களுக்குத் தெரியாமல் நம்பர் பைத்தியமாக இருந்திருக்கிறாள். அன்றைக்குப் பாத்திரம் கழுவும்போது அண்ணி என்னிடம் மெதுவாக, “பாப்பா, ஒன்னோட ஈர்க்கு ஒண்ணுகூட நான் தொலைக்கல. நீ படிச்ச எடத்துலயே திரும்ப வச்சிருக்கேன், பாத்தியா?” என்றாள். எவ்வளவு நெஞ்சழுத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, சீட்டில் இருந்த 0317 அடித்தது. பெரிய பரிசு இல்லை, ஆறுதல் பரிசுதான். ஆனாலும் அத்தை ரகசியமாக வாங்கியிருந்த நம்பர். ஒரு முழுக் கோழியோடு வந்து இறங்கினாள். அண்ணியின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். “அடுத்த புத்தகம் எப்ப வருது?” என்று கேட்டாள்.

அதன் பிறகு வீடே மாறிப்போனது. திங்கட்கிழமை நான் புத்தகத்தோடு வருவதற்குள் அத்தை வந்து உட்கார்ந்திருப்பாள். அம்மா புத்தகத்தை வாங்கி, முதல் பக்கத்தைத் திறந்து, எண்ணைப் பார்த்துப் பார்த்து, கிழித்த காலண்டர் தாளில் எழுதிக்கொள்வாள். ஆனால் உடனே வாங்க விடமாட்டாள். அதற்கு அவள் ஒரு விதி வைத்திருந்தாள். முழுசாகப் படித்து முடித்த புத்தகத்தின் நம்பருக்குத்தான் ராசி, பாதியில் விட்டால் பலிக்காது.

“யாரு சொன்னா?” என்றாள் அத்தை.

“0317 எப்ப அடிச்சுச்சு? அது படிச்சு முடிச்சதுக்கு அடுத்த நாளுதானே?” என்றாள் அம்மா.

அத்தை யோசித்துப் பார்த்தாள். சரியென்று தலையாட்டினாள்.

இப்படியாக அத்தை, இரண்டு புத்தகமும் அந்தந்த வாரத்துக்குள் முடிய வேண்டுமே என்கிற கவலையில், மத்தியானத்தில் வந்து எங்கள் வீட்டு நெத்திலியை உட்கார்ந்து ஆய்ந்து கொடுக்க ஆரம்பித்தாள். வெங்காயம் உரித்தாள். “நீ போயிப் படி, போ. இத நான் பாத்துக்குறேன்” என்று அண்ணியை விரட்டினாள். நம்பர் அடிக்காத வாரங்களில் மட்டும் அவளுக்குச் சந்தேகம் வந்துவிடும். அடிக்காத வாரங்கள்தானே எல்லாம். 0128 வாங்கினால் 0182 வரும். அப்போது அண்ணியைக் கூப்பிட்டு உட்கார வைத்து, “கடைசிப் பக்கத்த விட்டுட்டியா? எங்க, கதையச் சொல்லு” என்பாள். அண்ணி முதலிலிருந்து கடைசிவரை சொல்ல வேண்டும். அத்தை விரலில் சுண்ணாம்போடு கேட்டுக்கொண்டிருப்பாள். நடுவில், “அவன் ஏன் அப்பிடிச் செஞ்சான்? எனக்குச் சரியாப் படல” என்று குறுக்கு விசாரணை செய்வாள்.

நான் இந்தக் கதைகளையும் நம்பவில்லை. ஈர்க்கின் சாட்சி என்னிடம் இருந்தது.

ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் ஏதோ கூட்டம் என்று சீக்கிரம் விட்டுவிட்டார்கள். வீட்டுப் படியேறும்போது உள்ளே அண்ணியின் குரல் கேட்டது. ஒரே ஏற்ற இறக்கமாக, நிறுத்தாமல், சத்தமாக யாருக்கோ வாசிக்கிற குரல். நான் கதவைத் தள்ளியதும் குரல் நின்றுவிட்டது. அண்ணி புத்தகத்தோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரில் அம்மா, மடியில் முறத்தோடு. முறத்தில் அரிசி பொறுக்கப்படாமல் அப்படியே இருந்தது. அம்மாவின் கண் சிவந்திருந்தது.

“என்னம்மா?”

“நம்பர் சரியா இருக்கான்னு கேட்டுக்கிட்டிருந்தேன். ஒனக்கு என்ன இவ்வளவு சீக்கிரம்?”

நம்பரைக் கேட்டு யாராவது அழுவார்களா? ஏதோ பெரிய நம்பர் கைநழுவிப் போயிருக்கிறது, அதை எங்களிடம் மறைக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். அத்தையிடமும் அப்படியே சொன்னேன்.

சித்திரை கடந்ததும் அண்ணி வாந்தியெடுக்க ஆரம்பித்தாள். அத்தை முருகனுக்குத் தானே போய் நன்றி சொல்லிவிட்டு வந்தாள். கெடு வைத்தவள் எங்கேயும் கிளம்பவில்லை, வயிற்றைத் தள்ளிக்கொண்டு இங்கேயேதான் இருக்கிறாள் என்று அந்தச் சந்தேகத்தையும் அன்றோடு முடித்துக்கொண்டாள். அண்ணி படித்துக்கொண்டே இருந்தாள். காய்ச்சல் வந்து ஒரு வாரம் மட்டும் தவறியது. மற்றபடி பயிற்சிப் புத்தகத்தின் பின்பக்கத்தில் ஒவ்வொன்றாகக் கோடு விழுந்துகொண்டே வந்தது.

டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஒன்பதாம் மாத வளைகாப்பு நடந்தது. தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பது வழக்கம். பண்டமாரானுக்கு அனுப்ப நாள் குறித்தார்கள். முந்தின நாள் மத்தியானம் அண்ணி தன் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தபோது பயிற்சிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். எண்பத்தெட்டில் கோடு நின்றிருந்தது. பண்டமாரானில் படிப்பகமும் கிடையாது, வாரா வாரம் கொண்டுபோய்க் கொடுக்க நானும் கிடையாது. பிறந்த பிறகு, கைப்பிள்ளையோடு புத்தகம் எங்கே?

“எண்பத்தெட்டு நெறயத்தான்” என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை. பயிற்சிப் புத்தகத்தைத் துணிகளுக்கு அடியில் வைக்காமல் என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். முகம் கழுவினாள், பொட்டு வைத்தாள், பாசார் கூடையை எடுத்தாள். “வா என்கூட” என்றாள்.

பாசாருக்குக் காய் வாங்கப் போகிறாள் என்று நினைத்தேன். படிப்பக வாசலில் நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு உள்ளே போனாள். கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு பார்த்தார்கள். மாமா எழுந்தே நின்றுவிட்டார். நான் வெட்கத்தில் வாசல் தூணுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டேன்.

அம்மா பயிற்சிப் புத்தகத்தை நீட்டி, “கோடு போடாத பன்னெண்டும் ஒண்ணா வேணும்” என்றாள்.

“சட்டம் ரெண்டுதாம்மா.”

“சட்டமெல்லாம் உள்ள வர்றவங்களுக்கு வச்சீங்க. எம் மருமக இந்த வருஷம் பூரா வாசப்படி மிதிக்கல. வராத ஆளுக்கு என்ன சட்டம்?”

கேரம் பலகையிலிருந்து யாரோ ஒருவர், “குடுங்கண்ணே, பாவம்” என்றார். மாமா ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அதன் பிறகு அம்மா குனிந்து அவரிடம் மெதுவாக ஏதோ கேட்டாள். மாமா எடுத்து வைத்த அடுக்கிலேயே தேடி, ஒரு புத்தகத்தை உருவி, “இந்தா, இதுதான்” என்று காட்டினார். அம்மா அதைக் கூடையில் மேலாக வைத்தாள். என்ன கேட்டிருப்பாள்? நல்ல நம்பர் எது என்று கேட்டிருப்பாள்.

வீட்டுக்கு வந்ததும் காலண்டர் தாளை எடுப்பாள் என்று பார்த்தேன். எடுக்கவில்லை. கூடையின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி, அண்ணியின் பையோடு வைத்துவிட்டாள். மறுநாள் காலை பஸ் ஏறும்வரை பன்னிரண்டில் ஒரு நம்பரைக்கூட அவள் எழுதவில்லை. அத்தை வழியனுப்ப வந்து, “நம்பர் என்ன?” என்று காதோரம் கேட்டபோது, “மறந்தே போச்சுக்கா” என்றாள். அம்மா மறக்கிறவளே இல்லை. பன்னிரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு தனியாக வாங்கப் பார்க்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

அண்ணனும் நானும்தான் அண்ணியைக் கொண்டுபோய் விடப் போனோம். கிள்ளான் போகும் பஸ்ஸில் கூடை என் மடியில் இருந்தது. அண்ணி ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிவிட்டாள். நான் துண்டை விலக்கி, ஒவ்வொரு புத்தகமாகத் திறந்து, பன்னிரண்டு நம்பரையும் பஸ் டிக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் எழுதிக்கொண்டேன். பிரிக்பீல்ட்ஸ் திரும்பியதும் நேராக அத்தையிடம் கொடுத்தேன்.

அத்தை அவசரப்படவில்லை. விதி தெரிந்தவள். படிக்க நேரம் கொடுத்து, வாரம் இரண்டு மூன்றாக, தைப்பூசத்துக்குள் பன்னிரண்டையும் வாங்கி முடித்தாள். ஒன்றும் அடிக்கவில்லை. கிட்டத்தில்கூட வரவில்லை. வழக்கமாகத் திருப்பிப் போட்டால் வந்திருக்கும், ஓர் எண் தள்ளிப்போயிருக்கும். இந்தத் தடவை அந்த ஆறுதலும் இல்லை.

“தொட்டே பாக்கல போல” என்றாள் அத்தை. “அம்மா வீட்டுக்குப் போனவ காலை நீட்டிப் படுத்திருப்பா. புத்தகமாவது ஒண்ணாவது.”

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது.

தைப்பூசத்துக்கு நாலு நாள் முன்பு ஆண் பிள்ளை பிறந்தது. பதினாறாம் நாள் நாங்கள் எல்லோரும் பண்டமாரானுக்குப் போனோம். அத்தை வெளியே சம்பந்தி வீட்டாரிடம் பிள்ளையின் மூக்கு யார் மூக்கு என்று வாதாடிக்கொண்டிருந்தாள். நான் அம்மாவோடு அறைக்குள் போனேன். அண்ணி இளைத்து, வெளுத்து, தலையில் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூடை சுவரோரத்தில் இருந்தது. புத்தகங்கள் அதில் ஒழுங்காக அடுக்கியிருந்தன.

“மாமி, நூறு முடிஞ்சிருச்சு” என்றாள். “கடைசிப் புத்தகம், வலி எடுத்த அன்னிக்குக் காலைலதான்.”

அம்மா பிள்ளையைப் பார்ப்பதற்கு முன்னால் கதவைச் சாத்தினாள். பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“அந்த ரெண்டாம் பாகம் இருந்துச்சா? மறக்காம கேட்டு வாங்கி மேல வச்சேனே. அந்தப் பொண்ணு திரும்பி வந்தாளா, இல்லையா?”

“வந்தா மாமி. ஆனா அவங்க நெனச்ச மாதிரி வரல.”

“சொல்லு, சொல்லு.”

அண்ணி சொல்ல ஆரம்பித்தாள். பிள்ளை அவள் மடியில் தூங்கியது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டே போனாள். அம்மா இன்னும் இன்னும் முன்னால் நகர்ந்து, முழங்காலைக் கட்டிக்கொண்டு, வாய் லேசாகத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். ஓரிடத்தில் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். நம்பரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பன்னிரண்டில் ஒன்றுகூட அடிக்கவில்லை என்பது எனக்கும் அத்தைக்கும்தான் தெரியும். படிக்காத புத்தகத்தின் கதையை எவ்வளவு அழகாகக் கட்டிச் சொல்கிறாள் என்று அண்ணியைப் பார்த்து ஆச்சரியமாக இருந்தது. அத்தனையையும் உண்மை என்று நம்பி அழுகிறாளே என்று அம்மாவைப் பார்க்கத்தான் பாவமாக இருந்தது.